கால் வலிக்கான ஊசி ஆய்வில் நான் சேரலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் 44 வயது ஆசிரியை. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கியபோது இடுப்பில் சுரீர் என்றிருக்கிறது. இரண்டு நாளில் இடுப்பு வலி குறைந்துவிட்டது. ஆனால் வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்காலின் ஓரம் என்று இறங்கிக் கட்டைவிரல் வரை ஷாக் அடிப்பது போல வலி. எம்ஆர்ஐயில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கி, அங்கிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பு வேரை அழுத்துவதாக வந்திருக்கிறது. வலி மாத்திரை, பிசியோதெரபி, நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. ஆரம்பத்தில் 10க்கு 9 ஆக இருந்த வலி இப்போது 6, 7 என்று நிற்கிறது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியவில்லை. உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

அவரைப் பார்க்கும் மருத்துவர், தான் நடத்தும் மருத்துவ ஆய்வு ஒன்றில் சேரச் சொல்லியிருக்கிறார். நரம்பு வேர் பக்கத்தில் ஒரு புதிய அழற்சி எதிர்ப்பு மருந்தை ஊசியாகப் போடுவார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மூன்று மாதம் தொடர்ந்து கவனிப்பார்கள். கையில் கொடுத்த 18 பக்க ஒப்புதல் படிவத்தை அவர் இன்னும் படிக்கவில்லை. "உன்னைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் கணவர். "புது மருந்து, செலவும் இல்லை, யோசிக்காதே" என்கிறார் தம்பி. மூன்று வருடத்துக்கு முன் இதே வலிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு பத்து நாளில் நடமாடத் தொடங்கிய அக்கா, "எப்படியும் கடைசியில் ஆபரேஷன்தான், இப்போதே செய்துகொள்" என்கிறார்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். ஆய்வில் சேரலாமா? எனக்கு உப்புநீர் விழுந்தால் அது என்னை ஏமாற்றுவதுதானே? பிதுங்கிய டிஸ்க் தானாக உள்ளே போகுமா, இல்லை அக்கா சொல்வதுதான் சரியா?

சகோதரி, மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "பத்து நாளாக வலது காலில் செருப்பு நிற்பதில்லை, நடக்கும்போது கழன்றுவிடுகிறது." எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

முதலில் காலின் பலத்தைப் பாருங்கள்

எல்5 நரம்பு வேர் வலியை மட்டும் கொண்டுபோகும் நரம்பு இல்லை. கணுக்காலை மேலே தூக்குவதிலும் கட்டைவிரலை நிமிர்த்துவதிலும் அதற்குத்தான் பெரிய பங்கு. பாதத்தின் மேற்பகுதியில் உணர்வும் அதன் வழியாகத்தான் வருகிறது. செருப்பு கழல்கிறது என்றால் ஒன்று, அந்த இடம் மரத்துப்போய்ச் செருப்பு இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. அல்லது, விரலும் பாதமும் பலம் இழக்கத் தொடங்கியிருக்கின்றன. முதலாவது என்றால் கவனித்துக்கொண்டே வரலாம். இரண்டாவது என்றால் நம்முடைய மொத்தப் பேச்சும் மாறிவிடும்.

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கியபடி நாலு அடி நடந்து பாருங்கள். வலது பாதம் கீழே தொங்குகிறதா? அப்புறம் இரண்டு கட்டைவிரல்களையும் மேலே நிமிர்த்திப் பிடியுங்கள். வீட்டில் யாராவது விரலால் கீழே அழுத்திப் பார்க்கட்டும். வலது பக்கம் சட்டென்று மடிந்தால் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த வாரமே ஒரு மருத்துவர் உங்கள் காலை முறையாகப் பரிசோதிக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுத்து மூன்று மாதத்துக்கு மேலாகிறது, செருப்பு கழல்வதோ பத்து நாளாகத்தான். பழைய படத்தை வைத்து இன்றைய காலைப் பற்றி முடிவு சொல்ல முடியாது.

பலம் லேசாகக் குறைந்து அப்படியே நின்றால் அறுவை சிகிச்சை கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு அது மெல்லத் திரும்புகிறது. ஆனால் புதிதாக வந்து, வாரத்துக்கு வாரம் கூடுகிற பலவீனம் காத்திருக்க விட வேண்டிய விஷயமே இல்லை. இப்படிப் பலவீனம் கூடிவருபவர்களை இந்த வகை ஆய்வுகளில் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதும் இல்லை. அதனால் இந்த விஷயத்தை ஆய்வு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை ஆகிய இடங்களில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் தேங்குவது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, வலி இரண்டு காலிலும் இறங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தண்டுவடத்தின் அடியில் கற்றையாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்குவதன் அறிகுறிகள் அவை. வருவது அபூர்வம்தான். ஆனால் அங்கே மணிக்கணக்கில் தாமதித்தாலும் அதற்கு விலை உண்டு.

ப்ரீகாபலினை நீங்களாகவே இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டதாகவும், அதிலிருந்து தலை சுற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா (உங்களுக்கு இருப்பது போல இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) உள்ள 209 பேரிடம் ப்ரீகாபலினையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டு 2017ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் கால் வலி குறைந்த அளவில் இரண்டு குழுவுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. தலைசுற்றல் மட்டும் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம். அளவைக் கூட்டி உங்களுக்கு என்ன கிடைத்தது என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம், ஆனால் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது எடுத்து, மருத்துவர் சொல்கிற கணக்கில் படிப்படியாகக் குறையுங்கள்.

டிஸ்க் தானாகச் சுருங்குமா?

பெரும்பாலும் சுருங்கும். 'உள்ளே போய்விட்டது' என்று சொல்வதுண்டு. உண்மையில் அது வந்த வழியே திரும்பிப் போவதில்லை. வெளியே வந்த டிஸ்க் துண்டை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் வளர்கின்றன, வெள்ளணுக்கள் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன, அதில் இருக்கும் நீரும் வற்றுகிறது. கேட்க விசித்திரமாக இருக்கும்: முழுதாக உடைத்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டுதான், லேசாகப் புடைத்த டிஸ்க்கைவிட நன்றாகச் சுருங்குகிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் 'பெரிய பிதுக்கம்' என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். பெரியது என்பது மட்டுமே கெட்ட செய்தி இல்லை.

எம்ஆர்ஐ படமும் வலியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதும் இல்லை. முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஒரு தொகுப்பு 2015ல் வந்தது. 40 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை. உங்கள் விஷயத்தில் வலி இறங்கும் பாதையும் எல்5 வேரும் ஒத்துப்போவதால் காரணம் அந்த டிஸ்க்தான் என்று நம்பலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து வலி போய், படத்தில் பிதுக்கம் மட்டும் மிச்சம் இருந்தால் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வலிக்குக் காரணம் அழுத்தம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்த ஆய்வு புரிவதற்கு இது தேவை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் சயாட்டிகா வருகிறது என்பதை 1934ல் அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரை மருத்துவ உலகத்துக்கு நிலைநாட்டியது. ரொம்ப காலம் எல்லாரும் அதை அழுத்தத்தின் கணக்காக மட்டுமே பார்த்தார்கள். 1993ல் ஸ்வீடனில் ஓல்மார்க்கர், ரிடெவிக் குழுவினர் பன்றிகளின் நரம்பு வேர்மேல், அழுத்தம் எதுவும் கொடுக்காமல், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கூழை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அதற்கே நரம்பின் வேலை கெட்டது. அந்தக் கூழ் நரம்பை ரசாயன ரீதியாகப் புண்படுத்துகிறது, அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சியை அந்த இடத்திலேயே அணைக்கலாமா என்பதுதான் உங்களுக்குச் சொன்ன ஊசியின் அடிப்படை. நல்ல கேள்விதான். ஆனால் யோசனை நன்றாக இருப்பதால் மருந்து வேலை செய்யும் என்று ஆகிவிடாது.

உப்புநீர் ஏன்?

உங்களை உறுத்துவது இதுதான் என்று தெரிகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நரம்பு வேர் வலிக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, பெரும்பாலோருக்கு வாரங்கள் போகப் போகத் தானாகவே குறையும். இரண்டு, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் புதுச் சிகிச்சையைத் தேடிப் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வரும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்தாலும், கொடுத்தது வேலை செய்த மாதிரியே தெரியும். கொடுத்த மருத்துவருக்கும் அப்படித்தான் தெரியும். இந்த மாயத்தை உடைக்க ஒரே வழி, அதே வலியோடு இருக்கும் இன்னொரு குழுவுக்கு அந்த மருந்தைத் தராமல், அதே மாதிரி ஊசி போட்டு, இரண்டு குழுவையும் ஒப்பிடுவது.

ஃபின்லாந்தில் நடந்த கதை இதற்குப் பொருத்தமானது. டிஸ்க் கூழ் கிளப்பும் அழற்சியில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்ததும், அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை 10 சயாட்டிகா நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். வலி மளமளவென்று இறங்கியது. முன்பு வேறொரு ஆய்வில் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களோடு ஒப்பிட்டபோது முடிவு பிரமாதமாக இருந்தது. 2003ல் அது வெளிவந்தபோது அறுவை சிகிச்சைக்கே மாற்று வந்துவிட்டது என்று நிறையப் பேர் நம்பினார்கள். அடுத்து அதே குழுவினர் 40 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, மருந்தையும் போலி மருந்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் நிறையப் பேருக்கு வலி போயிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒப்பீடு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஒரு மருந்தை இன்றைக்கு எத்தனை பேருக்கு ஏற்றிக்கொண்டிருப்போமோ. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். 'புதிது' என்பதும் 'மேலானது' என்பதும் ஒன்றல்ல. மேலானதா என்று தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது.

ஏற்கெனவே எங்கும் போடப்படுகிற ஸ்டீராய்டு ஊசியையும் பாருங்கள். தண்டுவடத்தின் வெளிஉறைப் பகுதியில் போடுகிற அந்த ஊசியைப் பற்றிய 25 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020ல் தொகுத்தது. போலி ஊசியோடு ஒப்பிட்டால், 100 புள்ளி அளவுகோலில் கால் வலி குறுகிய காலத்தில் சராசரியாக 5 புள்ளிதான் கூடுதலாகக் குறைந்தது. சராசரிக்குள் நன்றாகத் தேறியவர்களும் உண்டு, ஒன்றுமே ஆகாதவர்களும் உண்டு. என்றாலும் பல பத்தாண்டுகளாகப் போட்ட பிறகு நமக்குத் தெரிந்த பலன் இவ்வளவுதான். இதே ஊசிகளால் மிக அபூர்வமாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், கால்கள் செயலிழத்தல் ஆகியவை நேர்ந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014ல் எச்சரிக்கை விட்டது. அதனால் நரம்பு வேர் பக்கத்தில் ஊசி என்றாலே, மருந்தோ உப்புநீரோ, அதை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, பழகிய கை போட வேண்டும்.

ஆக, உப்புநீர் ஏமாற்று இல்லை. எது ஏமாற்று என்றால், உப்புநீர் வரலாம் என்பதைச் சொல்லாமல் போடுவது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

"டாக்டருக்கு என்மேல் அக்கறை உண்டு, எனக்கு மருந்து ஊசி வரும்படி பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. முறையாக நடக்கும் ஆய்வில் உங்களுக்கு எது விழுந்தது என்பது, உங்களுக்கும் தெரியாது, உங்கள் வலியை அளப்பவருக்கும் தெரியாது. ஆய்வில் சேருவது உங்களுக்கென்று தேர்ந்தெடுத்த சிகிச்சையைப் பெறுவது ஆகாது. இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று மனசார நினைப்பவர்தான் சேர வேண்டும்.

கணவரின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மனிதர்களை அவர்கள் சம்மதமே இல்லாமல் ஆய்வுக்குப் பயன்படுத்திய கொடுமைகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் 1947ல் நூரம்பெர்க் நெறிகளும், 1964ல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் வந்தன. இன்றைக்கு எந்த ஆய்வும் சுதந்திரமான ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. சேருவதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். பாதியில் விலகலாம், காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கவோ முகம் திருப்பவோ யாருக்கும் உரிமை இல்லை. எலிக்கு இதில் எதுவும் கிடையாது. உங்களுக்கு எல்லாம் உண்டு, ஆனால் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அந்த வித்தியாசத்தை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

ஐந்து மாதம் என்பது சாதாரண விவரம் இல்லை

அக்கா சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகாவோடு 6 முதல் 12 வாரம் ஆன 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை. இன்னொரு குழு மாத்திரை, பிசியோதெரபியோடு காத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. 2007ல் வந்த முடிவு: அறுவைக் குழு வேகமாகத் தேறியது. ஆனால் ஒரு வருடத்தில் இரண்டு குழுவிலும் 100க்கு 95 பேர் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர்தான் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்களுக்குத் தேவையே வரவில்லை. "எப்படியும் கடைசியில் ஆபரேஷன்தான்" என்பது ஆகவே தவறு. அக்கா பத்து நாளில் எழுந்தது உண்மையாக இருக்கும். கத்தி வைக்காமல் இருந்திருந்தால் அவர் எப்படி இருந்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வலி தொடங்கி இரண்டு, மூன்று மாதம் ஆனவர்கள். நீங்கள் ஐந்து மாதம். உங்களுக்கு நெருக்கமான ஆய்வு கனடாவிலிருந்து 2020ல் வந்தது. எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 டிஸ்க்கால் 4 முதல் 12 மாதம் வரை வலியோடு இருந்த 128 பேர். மைக்ரோடிஸ்கெக்டமி (பிதுங்கிய டிஸ்க் துண்டைச் சிறு கீறல் வழியாக எடுப்பது) அறுவைக்கு ஒதுக்கப்பட்ட குழுவில் 10க்கு 7.7 ஆக இருந்த கால் வலி ஆறு மாதத்தில் 2.8க்கு இறங்கியது. மருந்து, பிசியோதெரபி, ஊசி என்று இருந்த குழுவில் 8.0 ஆக இருந்தது 5.2க்குத்தான் வந்தது. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரே மையத்தில் நடந்த சிறிய ஆய்வு என்ற குறை உண்டு. அறுவை செய்துகொண்டவருக்கு அது தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கையும் முழுக்க ஒதுக்க முடியாது. இருந்தாலும், நாலு மாதத்தைத் தாண்டியும் வலி 6, 7ல் நிற்பவருக்கு அறுவை சிகிச்சை நியாயமான ஒரு தேர்வு என்று இதை வைத்துத் தைரியமாகச் சொல்வேன்.

அதோடு, அறுவையையும் அறுவை இல்லாத சிகிச்சையையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் பல மையங்களில் நடந்த ஸ்போர்ட் (SPORT) ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது, ஆறு மாதத்துக்கு மேல் வலியோடு இருந்துவிட்டுச் சிகிச்சைக்கு வந்தவர்கள், முன்னதாக வந்தவர்கள் அளவுக்குத் தேறவில்லை என்று தெரிந்தது. அறுவை செய்தவர்கள், செய்யாதவர்கள் இரண்டு பக்கமும் அப்படித்தான். இங்கேதான் உங்கள் கணக்கு இடிக்கிறது. ஐந்து மாதம் போய்விட்டது. ஆய்வு மூன்று மாதம். உங்களுக்கு உப்புநீர் விழுந்து, வலியும் குறையாமல், முடியும் வரை பொறுத்திருந்தால் எட்டு மாதம் ஆகிவிடும்.

அறுவைக்கும் விலை உண்டு. அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்குவது பல ஆய்வுகளில் 100க்கு 5 முதல் 15 பேர் வரை பதிவாகியிருக்கிறது. நரம்பு உறை கிழிவது, தொற்று, ரத்தக்கட்டு ஆகியவை குறைவு, ஆனால் உண்டு. இன்னொரு விஷயம், இந்த அறுவை கால் வலிக்கானது. இடுப்பு வலியை அது அதே அளவுக்குப் போக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரோடு உட்கார்ந்து படியுங்கள். புரியாத பக்கத்தில் அடையாளம் வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக இவற்றுக்கு நேரான பதில் வாங்குங்கள்:

- மூன்று மாதத்துக்குள் வலி கூடினாலோ பலம் குறைந்தாலோ உடனே ஆய்விலிருந்து வெளியே வந்து அறுவை செய்துகொள்ளலாமா? 'முடியும் வரை பொறுக்க வேண்டும்' என்று பதில் வந்தால் சேராதீர்கள்.
- இந்த மருந்து இதற்கு முன் எத்தனை மனிதர்களுக்குப் போடப்பட்டிருக்கிறது? முதல் கட்ட ஆய்வா, மூன்றாம் கட்ட ஆய்வா? முதல் கட்டம் என்றால் பாதுகாப்பைப் பார்ப்பதுதான் நோக்கம், உங்கள் வலி இரண்டாம்பட்சம்.
- ஆய்வின்போது வலி மாத்திரையும் பிசியோதெரபியும் தொடருமா? போலி ஊசிக் குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை கிடைக்க வேண்டும்.
- ஊசியால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? இது எழுத்தில் இருக்க வேண்டும். 'செலவு இல்லை' என்று தம்பி சொன்னது ஊசிக்கு மட்டுமா என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.
- ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? பதிவு எண்ணை வாங்கி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில் தேடிப் பாருங்கள். எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்தவர்கள், பிறகு தங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிச் சொல்வது கடினம்.

என் கருத்து

காலைப் பரிசோதித்ததில் பலம் குறைந்திருக்கிறது, அது கூடுகிறது என்று வந்தால் ஆய்வைப் பற்றிய பேச்சே வேண்டாம், நேராக அறுவை மருத்துவரிடம் போங்கள். பலம் சரியாக இருந்து, மேலே கேட்ட முதல் கேள்விக்கு 'எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்' என்று எழுத்தில் பதில் கிடைத்தால், ஆய்வில் சேருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போதும் முன்கூட்டியே ஒரு கெடுவை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் வலி 4க்குக் கீழே வரவில்லையென்றால் அறுவை பற்றிப் பேசுவேன் என்பது மாதிரி. மனசுக்குள் ஏற்கெனவே அறுவையை முடிவு செய்துவிட்டு, யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக ஆய்வில் சேருவது மட்டும் வேண்டாம். அது உங்களுக்கும் நல்லதில்லை, பாதியில் விலகுபவர்கள் கூடினால் ஆய்வுக்கும் நல்லதில்லை. ஸ்போர்ட் ஆய்வில் அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் மூன்று மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டார்கள், மறுபக்கத்தில் 30 சதவீதம் பேர் அறுவைக்குத் தாவினார்கள். 2006ல் முடிவு வந்தபோது, குலுக்கலை வைத்து எது மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது.

அறுவையும் வேண்டாம், ஆய்வும் வேண்டாம், இன்னும் ஆறு வாரம் பார்க்கிறேன் என்பதும் ஒரு முடிவுதான். 9 ஆக இருந்தது 6, 7க்கு வந்திருக்கிறது, குறைந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காலத்தைப் படுக்கையில் கழிக்காதீர்கள். இரண்டு வாரம் படுத்தே இருந்தவர்களும் முடிந்தவரை நடமாடியவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள் என்று 1999லேயே நெதர்லாந்தில் 183 பேரிடம் பார்த்துவிட்டார்கள். உட்காருவது கஷ்டம் என்கிறீர்கள், அப்படியானால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வலி பொறுக்கும் அளவுக்கு நடப்பதால் டிஸ்க் இன்னும் பிதுங்காது.

கடைசியாக, மறுத்தால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற உங்கள் தயக்கம். சிகிச்சை தருபவரும் ஆய்வு நடத்துபவரும் ஒருவரே என்பதால் இந்தத் தயக்கம் வருவது இயல்பு. அதனாலேயே, சேருவதற்கு முன் ஆய்வில் சம்பந்தப்படாத வேறொரு முதுகெலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். உங்கள் மருத்துவரிடம், "யோசிக்க ஒரு வாரம் வேண்டும், படிவத்தின் பிரதி ஒன்று வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், அவருக்கு வேண்டியது புரிந்துகொண்டு சேருபவர்கள்தான். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினாலோ, மறுத்தபின் உங்கள் சிகிச்சையில் மாற்றம் தெரிந்தாலோ, படிவத்தின் கடைசிப் பக்கங்களில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டுச் சொல்லுங்கள். நோயாளி நேரடியாகப் பேசுவதற்காகத்தான் அந்த எண்ணை அங்கே போட்டிருக்கிறார்கள்.